நைனா முகம்மதின் நெஞ்சுவலி

நைனா முகம்மது மறுபடியும் வசிய்யத், சாகுமுன் சொல்லும் கடைசி விருப்பங்களை, சொல்லத் தொடங்கினார். அவசரச் சிகிச்சைப் பிரிவின் கட்டிலில் மல்லாந்து படுத்தபடி, நெஞ்சில் ஒட்டியிருந்த ஒயர்கள் கழன்றுவிடாமல் ஒரு கையை மட்டும் மெல்லத் தூக்கி மனைவியைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மைமூன், கடையை யாருக்கும் கைமாத்தி விட்டுடாதே. சமையலுக்கு இப்ப இருக்கிற பண்டாரியே இருக்கட்டும், மாத்தாதே. உபைதுக்கு அவன் கேக்குற பொண்ணையே முடிச்சு வை. அப்புறம், என்னைக் குளிப்பாட்டுறப்ப..."

"மச்சான், போன தடவையும் இதத்தான் சொன்னீங்க. அதுக்கு முன்னாடியும் இதேதான். எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. வாயை மூடிக்கிட்டுப் படுங்க லா."

சொன்ன மாத்திரத்தில் மைமூன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்தத் தடவை நிஜமாகவே இருந்துவிட்டால்? கட்டிய கணவனிடம் கடைசியாகப் பேசியது 'வாயை மூடு' என்றல்லவா ஆகிவிடும்? அந்த நினைப்பு வந்ததும் அவர்மேல் ஆத்திரம் இன்னும் கூடியது. நிம்மதியாகத் திட்டக்கூட விடமாட்டேன் என்கிறாரே இந்த மனிதர்!

திரையை விலக்கிக்கொண்டு ஓர் இளம் மலாய் மருத்துவர் வந்தார். கையிலிருந்த நீளக் காகிதத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "தாடா அப்பா-அப்பா, பாக்சிக்," என்று சிரித்தார். ஒன்றுமில்லை, அங்கிள் என்று அர்த்தம். இதயம் நன்றாக இருக்கிறது, இரத்தச் சோதனையும் சரி, ஸ்ட்ரெஸ்ஸாக இருக்கும், வீட்டுக்குப் போகலாம் என்றார். நைனா முகம்மதின் முகத்தில் பிழைத்துவிட்ட சந்தோஷம் தெரியவில்லை. பரீட்சையில் தோற்ற பிள்ளையைப் போல எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு மைமூனின் காது புளித்துப்போயிருந்தது. ஒன்றுமில்லாததற்கா மனிதர் வெளிறி, வியர்த்து, விரல்கள் மரத்து, கடைசி நேரக் கலிமா சொல்லச் சொல்லி அவள் கையைப் பிடித்து நெரிக்கிறார்?

குலாய் பட்டணத்தில் அவர்களுடைய சாப்பாட்டுக் கடையைத் தெரியாதவர்கள் குறைவு. நைனா முகம்மது கல்லாவில் உட்கார்ந்திருந்தால் அவர் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். மேசைக்கு மேசை போய் ஆளுக்கொரு கேலி பேசுவார். அரிசி மூட்டையைத் தானே தோளில் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைப்பார். ஐம்பதைத் தாண்டியும் காய்ச்சல் என்று ஒருநாள் படுத்தவரில்லை. அப்படிப்பட்டவரை ஒரு மத்தியான நேரம் புரட்டிப் போட்டது.

பத்து பகாட்டில் ஒரு கலியாண விருந்துக்குப் போய்விட்டு இருவரும் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நெடுஞ்சாலையில் கூட்டமில்லை. செடெனாக் நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள். மைமூன் விருந்தில் கறி வேகாததைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். பேச்சின் நடுவில் அவர் ஏர்கோனைக் கூட்டினார். பிறகு ஜன்னலை இறக்கினார். "மூச்சு போகல," என்றார். அவசரத் தடத்தில் வண்டியை ஒதுக்கி நிறுத்தினார்.

"மைமூன், நெஞ்சு உடையுற மாதிரி அடிக்குது. நான் போறேன்."

மைமூனுக்கு லைசென்ஸ் இருந்ததே தவிர, சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓட்டியதோடு சரி. அன்றைக்கு லாரிகள் இரைந்து போகும் நெடுஞ்சாலையில், பக்கத்து இருக்கையில் சாகக் கிடக்கும் கணவனோடு, எல்லா விளக்கும் மினுக்க ஆஸ்பத்திரி வரை ஓட்டினாள். வாசலில் நிறுத்தி, "தோலோங்! தோலோங்!" என்று உதவிக்குக் கத்தினாள். தள்ளு கட்டிலோடு ஆட்கள் ஓடி வந்தபோது நைனா முகம்மது தானாகவே காரைவிட்டு இறங்கி நின்றார். "இப்பக் கொஞ்சம் தேவல. குடிக்கத் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார்.

அதுதான் ஆரம்பம். அதற்குப் பிறகு அது நினைத்த நேரத்தில் வந்தது. கல்லாவில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது வந்தது. முடி வெட்டிக்கொள்ளும்போது கழுத்தில் துணியோடு எழுந்து ஓடி வந்தார். பேரங்காடியில் நாலாவது மாடிக்குப் போகும் லிப்டில் வந்தது. அதோடு லிப்டை விட்டார். நெடுஞ்சாலையை விட்டார். பிறகு வண்டி ஓட்டுவதையே விட்டார். ஒவ்வொன்றாக அவர் விட்டதெல்லாம் மைமூன் தலையில் வந்து விழுந்தது. இறைச்சிக்கு அவள், மீனுக்கு அவள், வங்கிக்கு அவள். கைப்பையில் எப்போதும் ஒரு தண்ணீர்ப் போத்தல், ஓர் ஆஸ்பிரின் அட்டை, நாடித்துடிப்புப் பார்க்கும் சின்னக் கருவி. அவள் குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்று, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்பார்.

ஆளுக்கொரு வைத்தியம் வேறு. வாயு என்றார் மருந்துக் கடைக்காரர். தைராய்டு என்று ஒருவர் சொல்ல, அதையும் சோதித்தார்கள். அது ஒழுங்காகவே இருந்தது. ஜொகூர் பாருவில் இதய நிபுணர் ஒருவர் ஓடும் பட்டையில் அவரை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, இந்த இதயம் இன்னும் நெடுநாள் ஓடும் என்றார். நைனா முகம்மதின் அக்கா சபுரா மைனி, கடையைப் பார்த்து எவனோ கண் வைத்துவிட்டான் என்று ஒரே பிடியாக நின்றாள். ஓதிய தண்ணீரைப் போத்தல் போத்தலாகக் கொண்டுவந்து குளிர்பெட்டியை நிரப்பினாள்.

"ஓதுறது நல்லதுதான் மைனி. நானும் ஓதுறேன். ஆனா டாக்டர்கிட்டயும் போகணும்ல?"

"போயிட்டுத்தானே வர்றீங்க? ஒண்ணுமில்லேங்குறாங்க. நீ அவனைக் கொஞ்சம் பொறுமையாப் பார்த்துக்க. புருஷனுக்கு டென்ஷன் குடுக்காதே."

மைமூன் குளிர்பெட்டிக் கதவைச் சாத்திய சாத்தலில் உள்ளே போத்தல்கள் ஒன்றோடொன்று மோதின. டென்ஷன் யாருக்கு யார் கொடுக்கிறார்கள் என்று இந்த வீட்டில் கேட்பார் இல்லை.

இவ்வளவையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். உபைதின் நிக்காஹ் விஷயம்தான் எல்லாவற்றையும் உடைத்தது.

உபைத் அவர்களுடைய ஒரே மகன். சிங்கப்பூரில் கிடங்கு ஒன்றில் வேலை. கூடப் படித்த ஃபரீஹாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கியிருந்தான். பெண் வீடு மெர்சிங்கில். அவள் தகப்பனார் அங்கே படகுத்துறைப் பக்கம் துணிக்கடை வைத்திருந்தார். நிக்காஹ் அங்கே உள்ள பள்ளிவாசலில் என்று பேச்சு. நைனா முகம்மதும் தலையாட்டினார். ஆனால் நாள் குறிக்கும் நேரம் வந்ததும் ஒவ்வொரு காரணமாக முளைத்தது. முதலில் மழைக்காலம் என்றார். பிறகு கடையில் ஆள் இல்லை என்றார். பிறகு, நிக்காஹ்வை குலாயிலேயே வைத்தால் என்ன, பெண் வீட்டார் வந்துபோகட்டுமே என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உபைத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"அத்தா, உங்களுக்கு ஃபரீஹாவைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க. அவங்க அத்தா என்கிட்ட கேக்குறாங்க, உங்க வீட்டுல மனசு மாறிடுச்சான்னு. எனக்கு மாலுவா இருக்கு, வெளிய முகத்தைக் காட்ட முடியல."

"அந்தப் பிள்ளை மேல எனக்கு என்னடா குறை? தங்கமான பிள்ளை."

"அப்புறம் என்ன?"

நைனா முகம்மது சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு தட்டைப் பார்த்தபடி சொன்னார். "கோத்தா திங்கி தாண்டிட்டா மெர்சிங் வரைக்கும் வழியில ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கா? வெறும் காடும் செம்பனையும். நடுவுல எனக்கு வந்துட்டா?"

"அலமாக்!" உபைத் எழுந்து நின்றுவிட்டான். "இதுக்காகவா? ஒண்ணுமே இல்லாத ஒரு நோவுக்காக என் நிக்காஹ்வையே நிறுத்துறீங்களா?"

"ஒண்ணுமில்லேன்னு சொல்லாதடா!" என்று கத்தியது நைனா முகம்மது இல்லை. மைமூன். கத்தியபின் அவளுக்கே திகைப்பாக இருந்தது. "ஒண்ணுமில்லேன்னா ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கணும். இது இருக்கு. இந்த வீட்டுல என்னைவிடப் பெரிசா உக்காந்திருக்கு. இது என்னன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். நாளைக்குக் காலையில அரசாங்க கிளினிக்குக்குப் போறோம். இந்தத் தடவை நெஞ்சுவலின்னு சொல்லி அவசரப் பிரிவுக்குள்ள நுழையப் போறதில்ல. நம்பர் எடுத்து, உக்காந்து, முதல்லேருந்து சொல்லப் போறோம்."

கிளினிக்கில் நம்பர் எடுத்து உட்கார்ந்ததில் பாதி நாள் போயிற்று. கடைசியில் கூப்பிட்ட அறையில் இருந்தவர் டாக்டர் பிரவீனா. மூக்குக் கண்ணாடியும் களைத்த முகமுமாக இருந்தார். மைமூன் கொண்டுபோன சோதனை முடிவுகள் எல்லாவற்றையும் அவசரப்படாமல் புரட்டினார். எல்லாவற்றையும் ஒரு பக்கமாக வைத்தார்.

"நல்ல வேளை, இதெல்லாம் எடுத்திருக்கீங்க. இதயம், தைராய்டு, சர்க்கரை எதுவும் காரணம் இல்லன்னு தெரியுது. அங்கிள், இப்ப நீங்க சொல்லுங்க. அது வர்றப்ப என்னவெல்லாம் ஆகுது?"

நைனா முகம்மது சொன்னார். நெஞ்சுப் படபடப்பு, மூச்சு முட்டல், வியர்வை, நடுக்கம், விரல் மரத்துப்போவது, கண்முன்னே இருப்பதெல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது போலத் தூரமாகப் போவது. கடைசியாகச் சொன்னதை மைமூன் அதுவரை கேட்டதே இல்லை.

"மெல்ல மெல்லக் கூடுதா, சட்டுன்னு உச்சத்துக்குப் போகுதா?"

"சட்டுன்னு. அப்புறம் தானா இறங்கிடும்."

"ஏதாச்சும் பயப்படுற மாதிரி நடந்தா மட்டும் வருதா?"

"சும்மா உக்காந்திருக்குறப்பவே வருது டாக்டர். ஒருதடவை தூக்கத்துல வந்து எழுப்பிச்சு."

"நாலு பேரு நம்மளைப் பாக்குறாங்க, என்ன நினைப்பாங்கன்னு கூச்சம் உண்டா?"

"எனக்கா? கடைக்கு வந்து பாருங்க."

"அது இல்லாம, வீடு, கடை, பிள்ளைன்னு நாள் முழுக்க எல்லாத்தப் பத்தியும் ஓயாம கவலைப்படுவீங்களா?"

"அதெல்லாம் இவ பாத்துக்குறா."

டாக்டர் மைமூனை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். குடிப் பழக்கம், வேறு மாத்திரைகள், கோப்பி, எப்போதாவது நடந்த விபத்து, மனச்சோர்வு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கோப்பியை அடியோடு நிறுத்திப் பார்த்தும் அது வந்ததை மைமூன் சொன்னாள்.

"உயிரோட இருக்கவே பிடிக்கலன்னு எப்பவாச்சும் தோணியிருக்கா அங்கிள்?"

"டாக்டர், சாகக் கூடாதுன்னுதானே இவ்வளவு பாடு படுறேன்!"

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது மறுபடி வந்துடுமோன்னு பயந்து, எங்கயாவது போறத நிறுத்தியிருக்கீங்களா?" என்றார்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல."

மைமூனுக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது. "ஒண்ணும் இல்லையா? யா அல்லாஹ்! லிப்டு இல்ல, ஹைவே இல்ல, முடிவெட்டு இல்ல. மகன் நிக்காஹ்வுக்கே போக மாட்டேங்குறாரு டாக்டர்! ஒண்ணும் இல்லையாம்!"

டாக்டர் கையைச் சற்றே உயர்த்தினார். "ஆன்ட்டி, கொஞ்சம் இருங்க. அவரே சொல்லட்டும்."

நைனா முகம்மது தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கடையில் கேட்கும் அந்தப் பெரிய குரல் இல்லாமல், மெல்லச் சொன்னார்.

"ஜும்ஆத் தொழுகைக்குப் போறதில்ல."

மைமூனுக்குப் புரியவில்லை. "என்ன சொல்றீங்க? வாராவாரம் போறீங்களே. பள்ளி வாசல்ல நான்தானே இறக்கி விடுறேன்."

"இறக்கி விடுறே. நான் பக்கத்துச் சந்துல போய் நிக்கிறேன். ஸஃப்ல, வரிசையில நின்னா முன்னாலயும் ஆளு, பின்னாலயும் ஆளு. சுஜூதுல தலை தரையில இருக்குறப்ப வந்துட்டா எந்திரிச்சு ஓடவும் முடியாது. தொழுகை முடிஞ்சு எல்லாரும் வெளிய வர்றப்ப கூட்டத்தோட கலந்து வந்து கார்ல ஏறிக்குவேன்." அவர் குரல் உடைந்தது. "டாக்டர்கிட்ட பொய் சொல்லலாம். தொழுகைய விட்டத யார்கிட்ட சொல்ல?"

மைமூன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவருடைய வெள்ளை ஜுப்பாவைத் தேய்த்து வைப்பாள். காரில் ஏறியதும் குத்பா பிரசங்கத்தில் என்ன பேசினார்கள் என்று கேட்பாள். அவரும் ஏதோ சொல்வார். பொறுமை, அண்டை வீட்டார் உரிமை என்று. அத்தனையும் சந்தில் நின்று யோசித்துத் தயாரித்தது! அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை மாதமாக என்னையே ஏமாற்றியிருக்கிறாரே என்ற கோபம். அது தொண்டை வரை வந்தபோது அவர் பக்கம் திரும்பினாள். தெருமுனை வரை குரல் கேட்கும் அந்த மனிதர், சந்தில் சாக்கடை ஓரமாக, ஜுப்பாவை அழுக்காக்காமல் ஒதுங்கி நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கைப்பையைத் திறந்து டிஷ்யூவைத் தேடினாள். ஆஸ்பிரின் அட்டைதான் கையில் வந்தது.

டாக்டர் பிரவீனா இருவரும் அடங்கும்வரை காத்திருந்தார்.

"இதுக்குப் பேரு இருக்கு அங்கிள். பேனிக் டிஸார்டர். தமிழ்ல பீதிக் கோளாறுன்னு சொல்லலாம். திடீர்னு வர்ற அந்தப் பீதி யாருக்கு வேணும்னாலும் ஒருதடவை வரலாம், அது மட்டுமே நோய் இல்ல. ஆனா காரணமே இல்லாம திரும்பத் திரும்ப வந்து, அடுத்தது எப்ப வருமோன்னு ஒரு மாசத்துக்கும் மேல அதே பயத்துல இருந்து, அதுக்காக நம்ம வாழ்க்கையையே மாத்திக்கிட்டா, அப்ப இதுதான். வேற உடம்பு நோயோ, மருந்தோ, வேற மனநோயோ காரணம் இல்லன்னும் பாக்கணும். பார்த்தாச்சு. கூட்டம், தூரப் பயணம், ஓட முடியாத இடம்னு ஒதுங்குறீங்கல்ல, அது இதோட சேர்ந்து வர்ற இன்னொண்ணு."

"அப்ப ஏன் ஒரு சோதனையிலயும் தெரியல?" மைமூன் விடவில்லை. "இத்தனை படம் எடுத்தாங்களே!"

"இது படத்துல விழாது ஆன்ட்டி. கேட்டுத்தான் கண்டுபிடிக்கணும்."

"அப்ப ஒருத்தரும் ஏன் கேக்கல?"

டாக்டர் வெளியே நிரம்பி வழிந்த கூட்டத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தார். "கேக்கணும்னா உக்கார நேரம் வேணும்," என்றார். அதற்கு மேல் சமாதானம் சொல்லவில்லை.

நைனா முகம்மதுக்கு அந்தப் பெயர் இறங்கவே இல்லை. "பீதியா? நான் என்ன கோழையா டாக்டர்? இதய நோயின்னாலும் நாலு பேர்கிட்ட சொல்லிக்கலாம். இத எப்படிச் சொல்றது?"

"பக்கத்து வீட்டுக் காரு மேல பூனை ஏறினாலே அலாரம் ஊரைக் கூட்டுதில்ல? காரு கோழையா? அலாரம் சரியில்ல, அவ்வளவுதான். உங்க உடம்போட அலாரம் தேவையில்லாதப்ப அடிக்குது. சரிபண்ண முடியும்."

மாத்திரை எழுதினார். குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டலாம், முதல் சில நாள் படபடப்பு கூடினாலும் நிறுத்திவிடாதீர்கள், வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும் என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் உளவியலாளரைப் பார்க்கவும் எழுதிக் கொடுத்தார். அங்கே நாள் கிடைத்ததோ இரண்டு மாதம் தள்ளி. மைமூன் முகப்பில் இருந்த பெண்ணிடம் மலாயிலும், பிறகு தமிழிலும், கடைசியில் யாரிடமும் இல்லாமல் சுவரிடமும் சண்டை போட்டாள். நாள் மாறவில்லை.

உளவியலாளரின் பெயர் ஷர்மினி. அவர் அறையில் சுழலும் நாற்காலி ஒன்று இருந்தது. பேச்சு கொஞ்சம்தான். நைனா முகம்மதை அதில் உட்காரவைத்துத் தலை சுற்றும்வரை சுழற்றினார். பிறகு மெல்லிய உறிஞ்சு குழல் ஒன்றைக் கொடுத்து அதன் வழியாக மட்டும் மூச்சு விடச் சொன்னார். பிறகு படியில் ஏறி இறங்கச் சொன்னார். வியர்க்க விறுவிறுக்க வந்து நின்றவர், "இதே மாதிரிதான்! இதே மாதிரிதான் வரும்!" என்று பதறினார்.

"ஓடாதீங்க. அப்படியே நில்லுங்க. அது என்ன செய்யுதுன்னு பாருங்க."

நின்றார். அது ஏறியது. உச்சிக்குப் போனது. பிறகு தானே இறங்கியது. நைனா முகம்மது நம்ப முடியாமல் தன் நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

அதுவரை எல்லாம் சரி. மைமூனுக்குப் பொறுக்காமல் போனது அடுத்து அவள் பக்கம் திரும்பி ஷர்மினி சொன்னதுதான். இனி அவர் நாடியைப் பார்க்கக் கூடாது. தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு அலையக் கூடாது. அவருக்காக வண்டி ஓட்டக் கூடாது. பயந்து போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் எடுக்கக் கூடாது.

"அப்ப இத்தனை நாளா நான் செஞ்சதெல்லாம் தப்பா?" மைமூன் எழுந்தே விட்டாள். "வீடு, கடை, சந்தை, இவரு... எல்லாத்தையும் நான் ஒருத்தி சுமந்தேன். கடைசியில நோய வளத்தவளே நான்தானா? நல்லா இருக்கு லா!"

"தப்புன்னு சொல்லல ஆன்ட்டி. அன்பாலதான் செஞ்சீங்க. வேற யாரா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பாங்க. ஆனா நீங்க ஓட்டுற ஒவ்வொரு தடவையும் அவர் மனசு என்ன நினைக்குது? 'இவ இருந்ததாலதான் பிழைச்சேன்'னு. நீங்க இல்லாமலும் பிழைப்பாருன்னு அது கத்துக்கிறதுக்கு வழியே இல்லாமப் போயிடுது."

மைமூன் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். கார் நிற்கும் இடத்துக்கு விடுவிடென்று நடந்தாள். நைனா முகம்மது பழக்கப்படி இடப்பக்கக் கதவைத் திறக்கப் போனார். அவள் சாவியை அவர் கையில் திணித்துவிட்டு, தானே அந்தப் பக்கம் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு விதமான தொல்லை. முதலில் குடியிருப்பை மட்டும் சுற்றிவந்தார். பிறகு செனாய் சந்தை. பிறகு நெடுஞ்சாலை. தனியாக செடெனாக் வரை போய் வர வேண்டும் என்று ஷர்மினி சொன்ன அன்றைக்கு, அவர் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் மைமூனின் போன் அடித்தது. அவள் கல்லாவில் இருந்தாள். போன் திரையில் அவர் பெயர். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. வாடிக்கையாளர் ஒருவர் மீதிச் சில்லறைக்குக் கை நீட்டிக்கொண்டே நின்றார். மைமூன் போனைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் ஒரு துணியையும் போட்டாள். தன் நெஞ்சு அடிப்பது தன் காதுக்கே கேட்டது. ஷர்மினியைச் சபித்தாள், தன்னைச் சபித்தாள். கால் மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாமல் துணியை விலக்கியபோது கடைவாசலில் கார் வந்து நின்றது.

"எடுக்க மாட்டியா? வழியில செத்துக் கிடந்தா என்ன செய்வே?" உள்ளே வரும்போதே கத்தினார். பழைய குரல். நாலைந்து மேசை திரும்பிப் பார்த்தது.

"செத்தவங்க திரும்பத் திரும்பப் போன் பண்ண மாட்டாங்க மச்சான்."

அவர் சாவியைக் கல்லாமேல் வைத்தார். பிறகு, "செடெனாக் போயிட்டுத்தான் வந்தேன்," என்றார், சண்டைக்கு நடுவில் ஞாபகம் வந்தவர்போல.

நிக்காஹ்வுக்கு நாள் குறித்தார்கள். மெர்சிங்கிலேயே.

உபைத் முந்தின நாளே நண்பர்களோடு போய்விட்டான். நைனா முகம்மதும் மைமூனும் காலையில் கிளம்பினார்கள். பின் இருக்கையில் சபுரா மைனி. பண்டார் தெங்காராவுக்குப் பிரியும் சந்தியைத் தாண்டியபின் சாலையில் வேறு வண்டியே இல்லை. செம்பனை, செம்பனை, மறுபடி செம்பனை. மைமூன் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் காதோரம் வியர்வை வழிந்தது. மூச்சு குட்டையானது. கார் மெல்ல வேகம் குறைந்து புல் ஓரத்தில் ஏறி நின்றது.

"என்னடா, என்ன?" சபுரா மைனி பதறினாள். "மைமூன், தண்ணி குடு! வண்டியத் திருப்பு! நீ ஓட்டு!"

மைமூனின் கை தானாகக் கைப்பைக்குப் போனது. உள்ளே ஒன்றுமில்லை என்பது நினைவுக்கு வந்தது. "மைனி, பேசாம இருங்க," என்றாள். தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வாய் துடித்தது. அதையும் விழுங்கினாள். வெளியே மரங்களுக்கு நடுவே ஓர் உடும்பு, யாருக்கும் அவசரம் இல்லை என்பதுபோல், நகர்ந்து போனது. நைனா முகம்மது ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.

"ஏறுது," என்றார். சற்றுப் பொறுத்து, "இன்னும் ஏறுது," என்றார். மைனி பின்னால் ஓதத் தொடங்கினாள். அவர் ஸ்டியரிங்கை விடாமல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நீளமாக ஒரு மூச்சு விட்டார். கியரை மாற்றினார். வண்டி சாலையில் ஏறியது. மெர்சிங் பக்கமாகத்தான்.

பள்ளிவாசலில் ஆண்கள் முன்னால், பெண்கள் திரைக்குப் பின்னால். மைமூன் சம்பந்தியம்மாளுக்குப் பக்கத்தில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். காது மட்டும் திரைக்கு அந்தப் பக்கம். உபைதுக்கு அருகில், முதல் வரிசையில், கூட்டத்தின் நட்டநடுவில் அவர் உட்கார வேண்டும். எழுந்து ஓடினால் எல்லாரும் பார்ப்பார்கள். நிக்காஹ் குத்பா நீண்டுகொண்டே போனது. யாரோ இருமினார்கள். அவரா? யாரோ எழுந்து நடக்கும் ஓசை. அவரா? திரையை விலக்கிப் பார்க்கக் கை பரபரத்தது. சம்பந்தியம்மாள் பார்த்துவிடுவாளே என்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். உபைதின் குரல் கேட்டது, "ஒப்புக்கொண்டேன்" என்று, சற்றே நடுக்கத்தோடு. துஆ. ஆமீன், ஆமீன். அந்த ஆமீன்களுக்குள் தெருமுனை வரை கேட்கும் ஒரு குரல் இருந்ததா என்று பிரித்தறிய முடியவில்லை.

வெளியே செருப்புகளுக்கு நடுவே அவரைக் கண்டாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் வெளுத்திருந்தது. சம்பந்திக்காரரோடு கைகொடுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் நகர்ந்ததும் மைமூன் கிட்டே போனாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"எப்ப?"

"குத்பா நடுவுல. கதவுகூடக் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு." அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "உக்காந்திருந்தேன். போயிடுச்சு. நான் சம்பந்தி பக்கத்துல சாட்சியா இருந்து எல்லாத்தையும் கேட்டேன் மைமூன். ஒரு வார்த்தை விடாம கேட்டேன்."

மைமூனுக்கு அழுகை வந்தது. வந்த அழுகையை அடக்கப் பார்த்து முடியாமல், அத்தனை பேர் முன்னாலும் அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். "உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம நான் பட்ட பாடு இருக்கே! எனக்குத்தான் நெஞ்சு வெடிச்சிருக்கும்!"

"நீயும் ஷர்மினிகிட்ட நம்பர் எடுத்துக்க," என்றார் நைனா முகம்மது. பிறகு விருந்துப் பந்தல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு நடந்தார்.

மாத்திரையை இன்னும் நிறுத்தவில்லை. அந்தப் பீதி அறவே போய்விடவும் இல்லை. போன வாரம்கூட வங்கி வரிசையில் நின்றபோது வந்ததாம். கடைக்குத் திரும்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நின்றார். மைமூன் அடுப்படியில் வெங்காயக் கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"வரிசையிலேருந்து வெளிய வந்துட்டீங்களா?"

"இல்ல. நின்னு வேலைய முடிச்சுட்டுத்தான் வந்தேன்."

"அப்புறம் எதுக்கு இந்த மூஞ்சி? உக்காந்து இத உரிங்க. மத்தியான ஆளு வர்ற நேரமாச்சு."